பச்சை மையில் ஓர் எருமைக்காரர்

எபினேசரின் பழைய பேப்பர் கடையில் சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு லாரியில் லோடு ஏறிவிடும். முதல் ஷிப்ட் முடிவது மூன்று மணிக்கு. நடுவில் இருக்கும் ஒரு மணி நேரத்துக்காக கௌஸ் மொய்தீன் சனிக்கிழமைகளில் வீட்டுக்குப் போகாமல், ஓசூர் சிப்காட்டிலிருந்து நேராக அந்தக் கடைக்கு பைக்கை விரட்டுவார். பள்ளிக்கூட நோட்டுகள், கல்யாணப் பத்திரிகைகள், அட்டைப் பெட்டிகள் எல்லாம் மலையாகக் குவிந்திருக்கும். அவர் தேடுவது ஒரே ஒரு வகையைத்தான். போர், உளவு, நாடுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது, பேசாமல் இருப்பது. அட்டையில் விமானமோ கிழிந்த வரைபடமோ தெரிந்தால் உருவி ஓரமாக வைப்பார்.

கௌஸுக்கு ஐம்பது வயது. வண்டி பாகங்கள் செய்யும் கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவு. மெஷினிலிருந்து வரும் இரும்புத் துண்டை மைக்ரோமீட்டரில் அளப்பார். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் சிவப்புத் தொட்டியில் போட்டுவிடுவார். தமிழில் படித்து ஐ.டி.ஐ. முடித்தவர். கார்கில் சண்டை நடந்த வருஷம் இரண்டு பத்திரிகைகள் ஒரே மலைக்கு இரண்டு உயரம் போட்டிருந்தன. மற்றவர்கள் அதைக் கவனிக்கக்கூட இல்லை. இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டில் ஒன்று தப்பு. எது தப்பு என்று தெரிந்தே ஆக வேண்டும். அதற்காக வாங்கிய முதல் ஆங்கிலப் புத்தகத்தை அகராதியோடு படித்து முடிக்கப் பதினாலு மாதம் ஆயிற்று. உயரம் கடைசிவரை கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தில் வேறு நாற்பது கேள்விகள் முளைத்துவிட்டன. இருபத்தைந்து வருஷத்தில் இருநூறுக்கு மேல் புத்தகங்கள் சேர்ந்தன.

மனைவி சபீஹாவுக்குப் புத்தகங்கள் மேல் கோபம் இல்லை, பயம்தான். முன்பு குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ஒருநாள் குழாய் பார்க்க உள்ளே வந்தார். இரும்பு அலமாரியில் ஏவுகணைகளும் துப்பாக்கிகளும் வரிசையாக நிற்பதைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் என்னா பாய்?" என்றார். "படிக்கத்தாங்க" என்றார் கௌஸ். அடுத்த ஒப்பந்தம் போடும் மாதத்தில் சொந்தக்காரரின் மச்சான் குடிவரப் போவதாகச் செய்தி வந்தது. காரணம் புத்தகங்களா, மெய்யாகவே மச்சானா என்று இன்றுவரை தெரியாது. புது வீட்டுக்கு வந்த முதல் வாரமே, மகள் அஸ்பியாவின் கல்லூரி நோட்டுகளுக்கு வாங்கிய காக்கித் தாளில் மிச்சத்தை எடுத்து சபீஹா எல்லாப் புத்தகத்துக்கும் அட்டை போட்டுவிட்டாள்.

"பாக்குறவங்க கண்ணு ஒரே மாதிரி இருக்காதுங்க" என்றாள்.

அந்தப் பயம் கேண்டீன் வரைக்கும் வந்தது. 2025 மே மாதத்தில் எல்லையில் நாலு நாள் சண்டை நடந்தபோது கேண்டீன் டி.வி.யை யாரும் நிறுத்தவில்லை. எந்த விமானம் எவ்வளவு தூரம் போகும் என்று பக்கத்தில் இருந்தவர் கேட்க, கௌஸ் யோசிக்காமல் சொல்லிவிட்டார். மேஜையில் எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. "உனக்கு எப்படி பாய் இவ்ளோ தெரியும்?" என்று ஒருவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கௌஸும் சிரித்தார். மறுநாளிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஆய்வு அறைக்கே போய்விட்டார்.

ஆனால் அவரை உண்மையில் அலைக்கழித்தது இவை எதுவும் இல்லை. ஒரு கையெழுத்து.

2022 மழைக்காலத்தில் எபினேசர் கடையில் 1971 போர் பற்றிய ஒரு தடித்த புத்தகம் கிடைத்திருந்தது. கிழக்கே, பிறகு வங்கதேசமான நிலத்தில், ஒரு படைப்பிரிவு வயல்களைக் கடந்து போவதை ஆசிரியர் விவரிக்கிறார். ஆற்றோரக் கிராமம் ஒன்று. ஊர் காலியாக இருந்தது, ஒருவரும் இல்லை என்று ஒரு வரி. அந்த வரிக்கு நேராக, ஓரத்தில், பச்சை மையில், அச்சுப் போன்ற ஆங்கில எழுத்தில் யாரோ எழுதியிருந்தார்: "தப்பு. ஒருவர் இருந்தார்."

கடைசிப் பக்கத்தில் அதே பச்சை மை: "இதிலும் இல்லை."

கௌஸ் அந்த இரண்டு வரியையும் திரும்பத் திரும்பப் படித்தார். இவ்வளவு உறுதியாகத் 'தப்பு' என்று எழுத வேண்டுமென்றால் எழுதியவர் அங்கே நின்றிருக்க வேண்டும். பென்சிலை எடுத்துப் பச்சை மைக்குக் கீழே தமிழில் எழுதினார்: "அப்புறம் அந்த ஆள் என்ன ஆனார்?"

அடுத்த சனிக்கிழமை எபினேசரிடம் கேட்டார். "எபி அண்ணே, இந்தப் புத்தகம் எங்கிருந்து வந்துச்சு?"

"ஊரு ஊரா வண்டில சுத்துறவன் கொட்டிட்டுப் போனது பாய். இங்கிலீஷ் புத்தகமெல்லாம் அப்பவே பெங்களூருக்குப் போயிருச்சு. இது ஒண்ணு எப்படியோ அடியில மாட்டிக்கிச்சு."

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகள் பெங்களூரில் போயின. காலை பஸ்ஸில் ஏறி, அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டி, மார்க்கெட்டில் இறங்கி, அவென்யூ ரோட்டு நடைபாதைக் கடைகளில் குனிந்து குனிந்து தேடினார். புத்தகத்தின் பெயரைப் பார்ப்பதை விட்டுவிட்டார். எந்தப் புத்தகமானாலும் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பச்சை இருக்கிறதா என்று பார்ப்பார். கடைக்காரர்கள் அவரைக் 'கடைசிப் பக்க சாயபு' என்று கன்னடத்தில் கூப்பிட ஆரம்பித்தார்கள். மூன்று வருஷத்தில், முதல் புத்தகத்தையும் சேர்த்து, பதினெட்டுப் புத்தகங்கள் கிடைத்தன. எல்லாவற்றிலும் கடைசியில் அதே வரி: இதிலும் இல்லை. ஓரங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறிப்புகள். "அன்று மழை இல்லை." "பாலம் வடக்கே இருந்தது." "எருமை அவருடையது. பேட்டரி சுமந்தது." ஒன்பதாவது புத்தகத்தில், "நான்தான் அவரை உட்காரச் சொன்னேன்."

அந்த வரியைப் படித்த அன்று கௌஸுக்கு ஆத்திரம் வந்தது. உட்காரச் சொல்லிவிட்டு? அதற்கப்புறம் ஏன் ஒரு வார்த்தை இல்லை? பென்சிலை அழுத்தி எழுதினார்: "உட்காரச் சொன்னவர் திரும்பிப் பார்க்கவே இல்லையா? என்ன மனுஷன்?"

வேலையில் கவனம் சிதறியது. ஒருநாள் சிவப்புத் தொட்டிக்குப் போக வேண்டிய துண்டை நல்ல டிரேயில் வைத்துவிட்டு, நாலடி நடந்தபின் உறைத்துத் திரும்பி ஓடி வந்து எடுத்தார். அவருடைய சர்வீஸில் அப்படி நடந்ததே இல்லை.

பத்தொன்பதாவது புத்தகம் போன ஆகஸ்டில் கிடைத்தது. நடுப்பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு சின்னச் சீட்டு செருகியிருந்தது. பால் சங்கத்துச் சீட்டு. பாகலூர், உறுப்பினர் எண் எண்பத்தெட்டு, காலை, ஏழு லிட்டர், கொழுப்பு நாலு புள்ளி ஒன்று.

கௌஸ் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று வருஷமாகப் பெங்களூரில் தான் தேடிய ஆள் ஓசூருக்குப் பக்கத்தில், பைக்கில் அரை மணி தூரத்தில் இருந்திருக்கிறார்.

அடுத்த விடுமுறையில் பாகலூர் போனார். பால் சங்கத்தில் சீட்டைக் காட்டி எண்பத்தெட்டாம் எண் யார் என்று கேட்டதும், கணக்கெழுதும் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க யாரு? எதுக்குக் கேக்குறீங்க?"

"அவரோட புத்தகம் ஒண்ணு எங்கிட்ட இருக்குங்க. குடுக்கணும்."

பெயர் என்ன என்று கேட்டாள். சொன்னார். யாரும் கேட்காமலே சட்டைப் பையிலிருந்த கம்பெனி அட்டையையும் எடுத்துக் காட்டினார். காட்டிய பிறகு வெட்கமாக இருந்தது. அவள் யாருக்கோ போன் போட்டுக் கன்னடத்தில் பேசிவிட்டு, ரோஜாத் தோட்டத்தைத் தாண்டி மூன்றாவது வீடு, திம்மராயன் என்று சொன்னாள்.

புதிதாகக் கட்டிய மாடி வீடு. போர்ட்டிகோவில் பிளாஸ்டிக் நாற்காலியில் எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். மருமகள் முனிலட்சுமி கேட் வரைக்கும் வந்து விவரம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே விட்டாள். கௌஸ் பைக்குள்ளிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினார். ஒன்றும் எழுதாத புத்தகமாகப் பார்த்து எடுத்து வந்திருந்தார். எழுதாத என்றால், தன் பென்சில் படாத.

திம்மராயன் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். பச்சை வரியை விரலால் தடவினார்.

"இது எங்க கெடச்சுது ஒனக்கு?"

"பெங்களூர்லங்க. நடைபாதைக் கடையில."

"ஒந்தேனா? ஒண்ணு மட்டுந்தானா? அறுபத்தி மூணு இருந்துச்சப்பா."

"ஒண்ணுதாங்க" என்று கௌஸின் வாய் சொல்லிவிட்டது.

முனிலட்சுமி காபி டம்ளரை வைத்தாள். "பழைய வீட்ட இடிச்சப்போ ஒரே கரையான் அண்ணா. மாமா அப்போ ஆஸ்பத்திரில இருந்தாரு. நாந்தான் வண்டிக்காரன்கிட்ட போட்டேன். வந்ததும் கேட்டாரு. அதுக்கப்புறம் ஆறு மாசம் எங்கிட்டப் பேசவே இல்ல."

திம்மராயன் அவளைப் பார்க்கவில்லை. புத்தகத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். கௌஸ் மூன்று வருஷமாகச் சுமந்துவந்த கேள்வியைக் கேட்காமலே விட்டார். கேட்டால், மற்றப் புத்தகங்களும் தன்னிடம் இருப்பது தெரிந்துவிடும். காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

அடுத்த இரண்டு வாரம் வீட்டில் அவரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பதினெட்டுப் புத்தகங்களையும் தரையில் பரப்புவார், அடுக்குவார், மறுபடி பரப்புவார். திருப்பிக் கொடுப்பது ஒன்றும் பெரிதில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டார். ஆனால் ஓரங்களில் தன் கையெழுத்து இருக்கிறது. 'என்ன மனுஷன்' இருக்கிறது. ரப்பர் எடுத்து அழிக்கப் பார்த்தார். பழைய தாள் பிய்ந்தது. பச்சை மையும் கொஞ்சம் கலைந்தது. பதறிப்போய் நிறுத்திவிட்டார்.

சபீஹா தைத்துக்கொண்டிருந்த துணியை மெஷினில் அப்படியே விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அந்தப் பெரியவரு திட்டுவாருன்னு பயமா? இல்ல, புத்தகம் போயிருமேன்னு பயமா?"

"ரெண்டுந்தான்."

"மூணு வருஷமா ஞாயித்துக்கெழம வீட்ல இல்ல நீங்க. எதுக்கு அலைஞ்சீங்களோ அதக் கேட்டுட்டாவது வாங்க. இல்லன்னா இன்னும் மூணு வருஷம் இப்படியே அடுக்கிக்கிட்டு இருப்பீங்க."

மறு ஞாயிறு பதினெட்டையும் ஒரு சாக்குப் பையில் கட்டி பைக்கின் பின்னால் வைத்து பாகலூர் போனார். பையைப் போர்ட்டிகோவில் இறக்கிவிட்டு, நின்றுகொண்டே சொன்னார். "போன தடவ பொய் சொல்லிட்டேங்க. எங்கிட்ட இவ்வளவு இருந்துச்சு. குடுக்க மனசு வரல. அதோட நான் இதுல பென்சில்ல எழுதியிருக்கேன். தப்பா எடுத்துக்கக் கூடாது."

திம்மராயன் ஒவ்வொன்றாக எடுத்து அட்டையைத் துடைத்தார். மூன்றாவது புத்தகத்தில் பென்சில் எழுத்து கண்ணில் பட்டது. அவருக்குக் கன்னடமும் ஆங்கிலமும்தான் படிக்கத் தெரியும்.

"முனிலட்சுமி, இங்க வா. இதப் படி."

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "‘அப்புறம் அந்த ஆள் என்ன ஆனார்?’னு எழுதியிருக்காரு மாமா."

"இது?"

"‘பேட்டரி எத்தனை கிலோ? எருமையால் சேற்றில் சுமக்க முடியுமா?’"

திம்மராயன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. "முடியும். இது?"

முனிலட்சுமி வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். "‘உட்காரச் சொன்னவர் திரும்பிப் பார்க்கவே இல்லையா?’" அங்கே நிறுத்தினாள். அதற்கு அடுத்து இன்னொரு வரி இருந்தது. கௌஸ் தரையைப் பார்த்தார்.

"இன்னும் ஏதோ இருக்கே. படிம்மா."

"‘என்ன மனுஷன்?’னு கேட்டிருக்காரு."

திம்மராயன் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"எனக்கு அப்போ இருபத்தொண்ணு வயசு" என்றார். "சிக்னல் பிரிவு. வயர்லெஸ் செட்டும் பேட்டரியும் எம்பொறுப்பு. வயல் பூரா சேறு, ஜீப்பு எறங்காது. ஊரே காலி. அந்த ஆளு ஒருத்தர் மட்டும் எருமையப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. நீ ஏன் போகலன்னு கையாலயே கேட்டேன். எருமையோட வயித்தக் காட்டுனாரு. சினை. ஓட முடியாது அதால. எங்க வீட்லயும் எருமை இருந்துச்சு, எனக்குப் புரிஞ்சிருச்சு. புரிஞ்சும் அதும்மேல பேட்டரியக் கட்டுனது நாந்தான். கட்டுன்னு யாரும் எங்கிட்டச் சொல்லல."

முனிலட்சுமி புத்தகத்தை மூடிவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"வாய்க்கால் வந்துச்சு. அவர இந்தப் பக்கம் உக்கார வெச்சேன். இங்கயே இரு, அரை மணில கொண்டாந்து உட்டுர்றேன்னு கையால காட்டுனேன். அவரு பாஷை எனக்குத் தெரியாது, எம்பாஷை அவருக்குத் தெரியாது. நம்பி உக்காந்தாரு. அந்தப் பக்கம் ஏறினா வண்டி தயாரா நிக்குது. ஏறுன்னாங்க. எருமைய ஒரு மரத்துல கட்டிட்டு ஏறிட்டேன். வண்டி கெளம்பிப் பத்து நிமிஷம் இருக்காது, பின்னால குண்டு விழற சத்தம். எந்தக் கரைன்னு தெரியல." கௌஸைப் பார்த்தார். "திரும்பிப் பாத்தேனான்னு கேட்டல்ல? பாத்தேன். வண்டிக்குத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்துச்சு."

"அப்புறம் அவரு என்னங்க ஆனாரு?" கேள்வி கௌஸின் வாயிலிருந்து தானாகவே வந்தது.

"எனக்குத் தெரிஞ்சா அறுபத்தி மூணு புத்தகம் எதுக்கப்பா வாங்கறேன்?" திம்மராயனின் குரல் உயர்ந்தது. "எவனாவது ஒருத்தன் எழுதியிருக்க மாட்டானா? வாய்க்கால் கரையில ஒரு பொணம் கெடந்துச்சுன்னு. இல்ல, ஒரு கிழவன் எருமையத் தேடி வந்தான்னு. ஜெனரலு எழுதுனான், தூதரு எழுதுனான், உளவுக்காரன் எழுதுனான். யாரு புத்தகத்துலயும் அந்தாளு இல்ல."

முனிலட்சுமி மெதுவாகச் சொன்னாள். "எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மாமா. பட்டாளத்துல இருந்தவரு, பொழுதுபோகாம படிக்கிறாருன்னுல்ல நெனச்சோம். சொல்லியிருந்தா நான் போட்டிருப்பேனா?"

திம்மராயன் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

கௌஸ் எழுந்து மன்னிப்புக் கேட்டார். அந்த வரியை அழித்துத் தருவதாகச் சொன்னார்.

"பேடா, வேணாம். விடு, இருக்கட்டும்" என்றார் திம்மராயன். "இத்தன வருஷத்துல அந்த ஆளுக்காகக் கோபப்பட்டவன் நீ ஒருத்தந்தான்."

பத்தொன்பது புத்தகங்களும் பாகலூரிலேயே தங்கிவிட்டன. வீட்டு அலமாரியில் இரண்டாவது தட்டு காலியானது. சபீஹா அதில் துணிகளை அடுக்கினாள். கேள்வி தீர்ந்தால் நிம்மதி வரும் என்று கௌஸ் நினைத்திருந்தார். வரவில்லை. முன்பு பதில் தெரிந்த ஒருவர் எங்கோ இருக்கிறார் என்ற நம்பிக்கையாவது இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பயணம் நிற்கவில்லை. மீதி நாற்பத்து நாலில் ஐந்தைக் கண்டுபிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். திம்மராயன் கம்பெனி இடைவேளை நேரம் பார்த்து போன் செய்ய ஆரம்பித்தார். எந்தப் பக்கத்தில் எந்த ஊர்ப் பெயர் தப்பு என்பதில் இருவரும் சண்டை போட்டுக்கொண்டார்கள். "நீ அளவு பாக்கறவன், எடத்த நீ பாத்தியா?" என்று கத்துவார் அவர். "நீங்க பாத்தீங்க, ஆனா தூரம் தப்பாச் சொல்றீங்க" என்பார் இவர். ஆய்வு அறைக்கு வெளியே நின்று போனில் படைப்பிரிவு, பாலம் என்று பேசுவதை யாராவது கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று முதலில் குரலைத் தாழ்த்தினார். பிறகு அது மறந்துபோயிற்று.

இந்த ஜனவரியில் அவென்யூ ரோட்டில் ஒரு மெல்லிய ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. ராணுவ லாரி ஓட்டியவர் ஒருவர் வயதான காலத்தில் தானே அச்சடித்துக்கொண்ட நினைவுகள். வீட்டுக்கு வரும் பஸ்ஸில், சந்தாபுரா நெரிசலில் நின்றுகொண்டே படித்தார். அறுபத்தோராம் பக்கத்தில் கௌஸின் கை நின்றது. ஒரு கிழவர் வெறும் கையோடு முகாமுக்கு வந்தாராம். எருமை மாதிரி கத்திக் காட்டினாராம். எல்லோரும் சிரித்தார்களாம். சமையல்காரர் அவருக்குச் சோறு போட்டு அனுப்பினாராம். அவ்வளவுதான்.

இரண்டாவது முறை படித்தபோது அளவு பார்க்கும் புத்தி விழித்துக்கொண்டது. திம்மராயன் சொன்ன நாளுக்கும் இதற்கும் மூன்று நாள் இடைவெளி. ஆற்றின் பெயரும் வேறு. கம்பெனியாக இருந்தால் யோசிக்காமல் சிவப்புத் தொட்டி. பாகலூர் போகும் வழி முழுக்க, இதைச் சொல்வதா வேண்டாமா என்று தடுமாறினார். கடைசியில் பக்கத்தை மட்டும் திறந்து, பெரியவரின் கையில் கொடுத்தார்.

திம்மராயன் மூன்று முறை படித்தார். முனிலட்சுமியைக் கூப்பிட்டுக் கன்னடத்தில் சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவருதான் மாமா! அவராத்தான் இருக்கும்!"

"தேதி ஒத்துப்போகல" என்றார் திம்மராயன்.

"ஆமாங்க" என்றார் கௌஸ். "ஆறும் வேற."

"ஹௌது, ஆமா. ஆறும் வேற." புத்தகத்தை மூடினார். திறந்தார். "சண்டை நேரத்துல ஊரைவிட்டு ஓடாம எருமையத் தேடிக்கிட்டுத் திரியற ஆளு எத்தன பேரப்பா இருப்பான்?"

வெயில் போர்ட்டிகோவின் பாதிவரை வந்துவிட்டது. திம்மராயன் புத்தகத்தை அவரிடமே திருப்பி நீட்டினார்.

"நீயே வெச்சுக்கோ. எங்கிட்ட இருந்தா தெனம் படிப்பேன். படிச்சுப் படிச்சு நம்பிருவேன். அது சரியில்ல."

"நம்புனா என்னங்க தப்பு?"

"அந்தாளு நெஜமாவே செத்திருந்தா?" என்றார் திம்மராயன். "அவரு அங்க கெடக்க, நான் இங்க சோறு போட்டு அனுப்புனாங்கன்னு நிம்மதியாத் தூங்கறதா?"

முனிலட்சுமி சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். களியும் அவரைக்குழம்பும் வைத்தாள். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கிளம்பும்போது கேட் வரைக்கும் வந்து, "அந்தப் பக்கத்த மட்டும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கண்ணா. மாமாவுக்குத் தெரிய வேணாம்" என்றாள். கௌஸ் பைக்கை நிறுத்தி, கேட் ஓரத்திலேயே புத்தகத்தைத் திறந்து, நிழல் விழாமல் பிடித்து எடுத்து அனுப்பினார். அவள் போனில் எழுத்தைப் பெரிதாக்கி, ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். அவர் ஓசூர்ப் பக்கம் வண்டியைத் திருப்பினார்.